வீட்டுக்குள்ள ஒரு சாமி

2024 நவம்பர் 16, சனி

மாலை போட்டாச்சு. ஐயப்பா, எத்தன வருசம் காத்துக்கிட்டு இருந்தேன்! பொம்பளைக்கு அம்பது தாண்டினாத்தானே சபரிமலை. என்கூட தம்பி மகன் தினேஸும் போட்டான். பதினேழு வயசுப் புள்ள. அவனா வந்து "அத்தை, நானும் போடவா?"ன்னான். எனக்குக் கண்ணு நெறஞ்சிருச்சு.

என் வீட்டுக்காரர் போய்ச் சேந்த பொறகு பன்விலயில இருந்து கண்டிக்கு, தம்பி பாலேந்திரன் வீட்டுக்கே வந்துட்டேன். இந்த வீட்டுல பொழுது சாஞ்சா ஒரே சத்தம். தம்பி கதிரையில சாஞ்சு உக்காந்துகிட்டு, "தினேஸ், கிளாஸ்!" அவன் சின்னதுல இருந்தே கிளாஸும் ஐஸுமா ஓடுறவன். அதுக்குப் பொறகு தம்பி பொண்டாட்டி தவமணி அடி வாங்குற சத்தம். இன்னைக்கு ரெண்டும் இல்ல. "வீட்டுல சாமி இருக்கு, சாராயப் போத்தல் வேணாம்"னு தம்பியே சொல்லிட்டான்!

நவம்பர் 24, ஞாயிறு

பஜனையில தினேஸ் சாமிக்கு அருள் வந்திருச்சு! கண்ணு சொருகி, தலை தொங்கி, அப்படியே ஆடுறான். கற்பூரம் காட்டுனாங்க. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் கால்ல விழுந்தாங்க. நானும் விழுந்தேன். தம்பிக்குப் பெருமை தாங்கல.

நவம்பர் 29

தினேஸ் சாமிக்குப் பேச்சு குழறுது. ஹந்தானை மலைப் பக்கம் ஒரே மழை. விடிய முந்தி பச்சத்தண்ணியில குளிக்கிறதுல குளிர் புடிச்சிருக்கும்.

டிசம்பர் 3, செவ்வாய்

தினேஸ் வேட்டியத் தொவைக்க எடுத்தேன். மடியில திருநீத்துப் பை. நனைஞ்சிருமேன்னு பிரிச்சேன். திருநீத்துக்குள்ள பொதைச்சு — குளுசை, வெள்ளை வெள்ளையா மாத்திரை. கை நெறைய.

அப்ப அன்னைக்கு நான் எது கால்ல விழுந்தேன்?

டிசம்பர் 4

தவமணிகிட்ட காட்டுனேன். அவ மொகம் மாறவே இல்ல. தெரிஞ்சே இருந்திருக்கா.

"அண்ணி, மெதுவாப் பேசுங்க. மொதல்ல நான்தான் குடுத்தேன். டாக்டர் எனக்குத் தூங்கக் குடுத்த குளுசை. ஓ.எல். சோதனைக்குப் படிக்கிற நேரம் இவர் போட்ட சத்தத்துல புள்ள தூங்கவே இல்ல. பாதி ஒடைச்சுக் குடுத்தேன். பொறகு அவனே எடுத்தான். இப்ப வெளியில யார்கிட்ட வாங்குறானோ..." அழுதா. "அவருக்குச் சொல்லிறாதீங்க அண்ணி. புள்ள கழுத்துல மாலை இருக்கிறதாலதான் நான் அடி வாங்காம இருக்கேன்."

மாலையோட கோவப்படக் கூடாது. கடுஞ்சொல் ஆகாது. அவன சாமின்னுதான் கூப்பிடணும். வாயாடின்னு பேர் எடுத்த எனக்கு வாயத் தச்சு வச்ச மாதிரி இருக்கு.

டிசம்பர் 8, ஞாயிறு

தனியாக் கூப்பிட்டு, "சாமி, இது என்னா?"ன்னு பைய நீட்டுனேன். சிரிக்கிறான்!

"சாமி சாமின்னாதீங்க அத்தை. நான் மாலை போட்டா அப்பா குடிக்க மாட்டாரு, அம்மாவ அடிக்க மாட்டாரு. அதுக்குத்தான் போட்டேன்."

"அதான் இப்ப சத்தம் இல்லயே. பொறகு இது எதுக்கு?"

"இருட்டுனா காது அந்தச் சத்தத்தத் தேடுது. இந்தா அடி விழப்போகுது, இந்தா விழப்போகுதுன்னே இருக்கு. இதப் போட்டாத்தான் அடங்குது." மாலையப் புடிச்சுக் காட்டுனான். "அப்பாகிட்ட சொன்னா மாலையக் கழட்டிருவாரு. அன்னைக்கே போத்தலும் வந்திரும். ஒங்க இஷ்டம்."

சொன்னா அவ அடி வாங்குவா. சொல்லலன்னா இவன் போயிருவான். எந்தப் பக்கம் திரும்ப? ஐயப்பா, நீயாச்சும் சொல்லு.

பைய அவன்கிட்ட திருப்பிக் குடுக்கல. ஆனா அவனுக்கு வேற கெடைக்காதா?

டிசம்பர் 10

இன்னும் சொல்லல. சரணம் சொல்லப் போனா பாதியிலயே நிறுத்திர்றேன்.

டிசம்பர் 14, சனி

ஆஸ்பத்திரி வாங்குல உக்காந்து எழுதுறேன்.

நேத்து கார்த்திகை வெளக்கு. வீட்டுல பூஜை, கூட்டம். சரணம் சொல்லிக்கிட்டு இருக்கிறப்பவே தினேஸ் சாஞ்சு விழுந்தான். "அருள், அருள்! யாரும் தொடாதீங்க!"ன்னு எங்களுக்கு மாலை போட்டுவிட்ட குருசாமி மணி அடிக்கிறாரு. தம்பி கை கூப்பிக்கிட்டு நிக்கிறான். புள்ளைக்கு ஒதடு நீலம். மூச்சு கொறட்டை மாதிரி இழுக்குது. தவமணி என்னையப் பாக்குறா, நான் அவளப் பாக்குறேன்.

என் மாலையக் கழட்டுனேன்.

"அம்மா சாமி! அபச்சாரம்! என்னா பண்றீங்க?"ன்னாரு குருசாமி.

"சாமியா இருந்தா ஏசக் கூடாது. இப்ப ஏசுவேன். அருளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, குளுசையத் தின்னிருக்கான்! பாலேந்திரா, ஒனக்குப் பயந்து முழுங்குனதுடா! கும்பிட்டது போதும், ஓடு, த்ரீவீலக் கூப்பிடு!"

திருநீத்துப் பைய டாக்டர்கிட்ட குடுத்தேன். விடியக்காத்தால கண்ணு முழிச்சான்.

டிசம்பர் 20

போத்தல் வந்திருச்சு. இந்தப் பயத்துலதானே நான் வாய மூடி இருந்தேன்.

"நாலு பேர் முன்னுக்கு என் மானத்த வாங்கிட்ட. பன்விலைக்கே போயிரு"ன்னான் தம்பி. அங்க எனக்கு யாரு இருக்கா? வாரா வாரம் கிளினிக்குக்கு வீட்டு ஆள் ஒருத்தர் கூட வரணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் போயிட்டா யார் கூட்டிட்டுப் போறது?

பெட்டியில துணி மடிச்சு வைக்கப் போனேன். தவமணி கதவடியில வந்து நின்னா. "அண்ணி போனா நானும் புள்ளயும் பின்னாலயே போவோம்." புருசன் மொகத்தப் பாத்தே சொன்னா! அவன் கைய ஓங்குனான். நான் குறுக்க போய் நின்னேன். கை எறங்கிருச்சு.

2025 ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். நம்ம குழு இந்நேரம் ஜோதி பாக்க மலையில நிக்கும். என் மாலை ஐயப்பன் படத்துல தொங்குது. மனசு வலிக்கலன்னு சொன்னா பொய்.

தினேஸுக்குக் கை நடுக்கம் இன்னும் போகல. ஆனாலும் பொங்கல அவன்தான் கிண்டுனான்.

பொழுது சாஞ்சுச்சு. தம்பி கதிரையில இருந்து, "தினேஸ், கிளாஸ்!"

குசினி அடுப்படியில மூனு பேரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். தினேஸ் கை தட்டுலயே நின்னிருச்சு. முட்டி பாதி எழும்புது. நான் பேசாம இருந்தது எனக்கே ஆச்சரியம்.

"டேய், கேக்கலயா?"

"நீங்களே எடுத்துக்குங்கப்பா."

கதிரை கிரீச்சுன்னுச்சு. தம்பி உள்ளுக்கு வந்தான். எங்க யாரையும் பாக்கல. கிளாஸ எடுத்தான், போயிட்டான். குடிச்சான்தான். குடிக்கலன்னு நான் எழுத மாட்டேன்.

தினேஸ் இன்னும் கொஞ்சம் பொங்கல் கேட்டான். அடிப்புடிச்சதுதான் மிச்சம். அதையும் வழிச்சுத் தின்னான்.