பன்னிரண்டு மணிச் சங்கு

கில்வே, சிலோவே தீவு
ஜூலை, புதன்கிழமை காலை

புந்தா அரேனாஸ் ஊரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் அருமை மருமகள் மிரேயாவுக்கு, கில்வே தீயணைப்புப் படையின் மூத்த தொண்டனும், ஏணி ஏறுவதில் இந்தத் தீவிலேயே ஈடு இணை இல்லாதவனுமாகிய உன் தாய்மாமன் எலியோதோரோ எழுதுவது.

இங்கே நான், உன் அம்மா, ஆடுகள், கோழிகள் எல்லோரும் சுகம். கோழிகளில் ஒன்று மட்டும் சரியில்லை. அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள் குழம்பாகிவிடும். மழை நின்று நான் பார்க்கவில்லை. வடகாற்று வேறு. நேற்று நம் வேலியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. நான் ஓடிப் போய்ப் பாதி வழியில் காற்றிடமிருந்து திருப்பி வாங்கி வந்தேன்.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. அந்த ஊர்த் தீயணைப்புப் படையில் உன்னைச் சேர்த்துக்கொள்கிறார்கள், அடுத்த மாதம் உறுதிமொழி எடுக்க வேண்டும், ஆனால் அம்மா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னாலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அதை நான் மேடைப் பேச்சுப் போல உரக்கப் படித்துக் காட்டினேன். உன் அம்மா அடுப்பில் இன்னொரு கட்டை வைத்தாள்.

இன்று காலை திடீரென்று காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். “எழுதுடா. வேண்டாம்னு எழுது” என்றாள். நீயே எழுதேன் அக்கா என்றேன். அவள் எழுதினால் நீ அழுவாயாம், நான் எழுதினால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாயாம். அடிபட்டது, சுட்டது, விழுந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதி உன்னைப் பயமுறுத்த வேண்டும் என்பது உத்தரவு. எழுத்து வேலை என்றால் நம் குடும்பத்தில் நான்தானே. வாத்தியாருக்கு என்னைப் பிரிய மனமில்லாமல் மூன்றாம் வகுப்பிலேயே இரண்டு வருடம் வைத்துக்கொண்டாரே. ஆகவே மிரேயா, இனிமேல் பயந்துகொண்டே படி.

முதலில் வண்டி. இப்போது இருக்கும் வண்டி சாவி போட்டால் கிளம்பும் சாதாரண வண்டி. அதை விட்டுவிடு. எங்கள் காலத்து வண்டிக்குப் ‘பிடிவாதக்காரி’ என்று பெயர். சரிவில் உருண்டால்தான் அவளுக்கு உயிர் வரும். தீ கீழே துறைமுகத்தில் பிடித்தால் நாங்கள் ராஜாக்கள். மேலே கோவில் பக்கம் பிடித்தால், முதலில் துறைமுகம் வரை உருண்டு போய், அங்கே உறுமல் வந்ததும் மீன் சந்தையைச் சுற்றித் திரும்பி, மறுபடி மேட்டில் ஏற வேண்டும். மீன்காரிகள் எல்லோரும் கை காட்டுவார்கள். அதிலும் குறிப்பாக எனக்கு. ஒரு தடவை பிரேக் பிடிக்காமல் அவள் கடலுக்குள்ளேயே இறங்கப் பார்த்தாள். பின்னால் இருந்த கயிற்றைப் பிடித்து நான் ஒருவனாக நிறுத்தினேன். அதே கயிற்றை இன்னும் ஆறு பேர் பிடித்திருந்ததாக இப்போதைய தலைவன் பார்ரியா சொல்லித் திரிகிறான். அவர்கள் சும்மா தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதை எழுதும்போது நான் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. உன் அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “பயமுறுத்தறவன் இப்படித்தான் சிரிப்பானா?” என்று கேட்டாள்.

ஊசி என்றதும் ஞாபகம் வருகிறது. சாம்பல் நிறக் கம்பளி நூலில் உன் அம்மா காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள். எனக்குத்தான் என்று நினைக்கிறேன். என் பழைய காலுறையில் ஐந்து விரலும் வெளியே வந்து வேடிக்கை பார்க்கின்றன. அளவு பார்க்கட்டுமே என்று காலை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

நீ உன் பூட்ஸைப் பற்றி எழுதியிருந்தாய். வெளிநாட்டுக்காரன் போட்டுக் கழித்தது, இரண்டு அளவு பெரியது, உள்ளே ஒரு குழந்தையைத் தூங்க வைக்கலாம் என்று. நல்லது. எங்களுக்கு வந்ததில் ஒரு குடும்பமே தூங்கியிருக்கும். நான் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துக்கொள்வேன். தண்ணீர் பட்டதும் அது கூழாகி, நடக்கும்போது தவளை மாதிரி சத்தம் வரும். அப்படியே ஏணி ஏறினேன் என்றால் பார்த்துக்கொள்.

இனி பன்னிரண்டு மணிச் சங்கு கதை. உனக்கு அப்போது பால்பல் கூட விழவில்லை, அதனால் சரியாகத் தெரிந்திருக்காது. படைக் கட்டடத்துச் சங்கை நம் தையற்காரர் அபெலினோ தினமும் நடுப்பகலில் ஊதுவார், ஊரே கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு சாப்பிட உட்காரும். தீப்பிடித்தாலும் அதே சங்குதான். எந்தத் தீயும் நடுப்பகலில் பிடிக்காது என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. ஆனால் ரொட்டிக்கடைக்கு அது தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பற்றிக்கொண்டது. அபெலினோ சங்கை ஊதினார். ஊர் முழுக்கக் கடிகார முள்ளை முன்னால் தள்ளிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அவர் மறுபடி ஊதினார். தையற்காரருக்கு ஆப்பிள் கள் ஏறிவிட்டது என்றார்கள். மூன்றாவது தடவை ஊதியபோது, சாப்பாட்டு நேரத்தில் இது என்ன அட்டகாசம் என்று பாதிரியார் சண்டைக்கே கிளம்பிவிட்டார். தெருவுக்கு வந்த பிறகுதான் அவர் புகையைப் பார்த்தார்.

முதல் சங்குக்கே ஓடி வந்தது ஒரே ஒரு ஆள், உன் அப்பா நோல்பெர்த்தோ. எப்படித் தெரிந்தது என்று பிறகு எல்லோரும் கேட்டோம். உன் அம்மாவின் சட்டியும் பன்னிரண்டு மணிச் சங்கும் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு நாள் கூட முன்னே பின்னே ஆனதில்லை. அன்றைக்குச் சங்கு ஊதியபோது சட்டியில் கிழங்கு வேகவில்லை. “எடெல்மிரா சட்டி இன்னும் கொதிக்கலையே, அப்ப இது பன்னெண்டு இல்ல” என்று சொல்லிவிட்டுக் கோடாரியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். இரண்டாவதாக ஓடி வந்தது நான். வாயில் ரொட்டி இருந்தது உண்மை. ஆனால் அது தெம்புக்கு. ரொட்டிக்கடைக் கூரையில் ஏறி நெருப்பின் கழுத்தைப் பிடித்துத் திருகினேன். கடையும் பிழைத்தது, ரொட்டியும் பிழைத்தது. ஊரே புகை வாசனை அடிக்கும் ரொட்டியை ஒரு வாரம் தின்றது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கூட்டம் போட்டு, தீ என்றால் விட்டு விட்டு மூன்று தரம் ஊதுவது என்று முடிவு செய்தோம். வடகாற்று அடிக்கும் நாளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் காற்று கடலுக்குக் கொண்டுபோய்விடுகிறது. அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

உன் அம்மா இப்போது கேட்டாள், மரப்பட்டறை எரிந்ததை எழுதிவிட்டாயா என்று. அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டுமாம். அந்தத் தீயைப் பற்றி நான் ஒரு புத்தகமே எழுதலாம். சாயங்காலம் போனவர்கள் மறுநாள் பொழுது விடிந்துதான் திரும்பினோம். மீசை எரிந்து போய், அடையாளம் தெரியாத முகத்தோடு, எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு வண்டியில் வந்தோம். வீட்டு வாசலில் உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். சால்வை முழுக்க நனைந்திருந்தது. உன் அப்பாவைப் பார்த்தாள், உள்ளே போய்க் காப்பி போட்டாள். எனக்கும் கொடுத்தாள். மிக நல்ல காப்பி.

அத்தானைத் தீ தொடவில்லையே அக்கா, கடைசியில் அவர் தூக்கத்தில்தானே போனார், பெண்ணை எதற்குத் தடுக்கிறாய் என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பின்னுவதை நிறுத்திவிட்டாள்.

“அவரு போனது ஒரு தடவை. நான் வாசல்ல நின்னது எத்தன தடவைன்னு அவளுக்குத் தெரியுமாடா? அதையும் எழுது.”

எழுதிவிட்டேன். மீதியைச் சாப்பிட்ட பிறகு எழுதுகிறேன். இதோ சங்கு ஊதுகிறது.

வியாழக்கிழமை மாலை

மருமகளே, நேற்றுச் சாப்பாட்டுக்கு முன்னால் இங்கே ஒரு பெரிய தீயை அணைக்க வேண்டியதாகிவிட்டது. தீ எங்கே என்றால், நம் வீட்டுச் சமையலறைப் புகைக்குழாயில். பதறாதே. வீடு முழுதாக நிற்கிறது, அதற்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். சங்கு ஊதியது. மணி பன்னிரண்டா அதற்குள்ளே, தட்டை வை அக்கா என்று சொல்லி என் கைக்கடிகாரத்தைத் திருத்தினேன். தலைக்கு மேலே லாரி ஓடுகிற மாதிரி ஒரு உறுமல் கேட்டது. காற்று என்றேன். எனக்கு எல்லாம் தெரியும், உன் அம்மா பதறிவிடக் கூடாதே என்றுதான் கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தேன். அவள் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் கூரையைப் பார்த்தாள்.

“கிழங்கு வேகல. டேய், எந்திரி. குழாய் பத்திக்கிச்சு.”

எதிர்வீட்டு க்ளொரிந்தா நம் கூரையில் பொறி பறப்பதைப் பார்த்து அபெலினோவிடம் ஓடியிருக்கிறாள். அவர் முறைப்படி மூன்று தரம் ஊதியிருக்கிறார். நம் வீட்டுக்கு ஒன்றுதான் வந்து சேர்ந்தது.

நான் உடனே வெளியே ஓடினேன், வண்டிக்கு வழி காட்ட. வண்டிக்கு வழி காட்டுவது எத்தனை முக்கியம் என்று உன் படையில் சொல்லித் தருவார்கள். அதற்குள் உன் அம்மா அடுப்பின் காற்று வழியை அடைத்து, கல் உப்பை அள்ளி அள்ளி நெருப்பில் போட்டு, ஈரச் சாக்கால் அடுப்பு வாயை மூடிவிட்டாள். உன் அப்பா சாப்பிடும்போது எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததையெல்லாம் அவள் பரிமாறிக்கொண்டே கேட்டிருக்கிறாள். உறுமல் அடங்கிப் போயிற்று. ஆக, வெளியே நானும் உள்ளே அவளுமாகச் சேர்ந்து அணைத்தோம்.

பார்ரியா எட்டு ஆளோடு குழாயும் ஏணியுமாக வந்து குதித்தான். உன் அம்மா வாசலை மறித்துக்கொண்டு, “தரை மெழுகியிருக்கு. பூட்ஸோட ஒருத்தரும் உள்ள வராதீங்க” என்று சொல்லிவிட்டாள். படை முழுவதும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையோடு வழுக்கி வழுக்கி உள்ளே வந்தது. பார்ரியா புகைக்குழாயைத் தட்டினான். உள்ளேயிருந்து ஒரு வாளிக் கரி கொட்டியது.

“என்ன எலியோ அண்ணே, ஊருக்கெல்லாம் குழாயத் தொடைங்கன்னு புத்தி சொல்லுவீங்க. இது எந்த வருஷத்துக் கரி?” என்றான்.

விறகு ஈரம், அதுதான் காரணம் என்று விளக்கினேன். குழாயைத் துடைப்பது என் வேலை என்று இந்த வீட்டில் யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. உன் அம்மா தினமும் ஏதாவது சொல்வாள், அதில் இதுவும் இருந்ததோ என்னவோ. படைக்காரன் வீட்டில் தீப்பிடித்தால் அவன் படை முழுவதுக்கும் ஒரு ஆட்டைச் சுட்டுப் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இதற்கு முன்னால் மூன்று வீட்டில் நான் அப்படிச் சாப்பிட்டிருக்கிறேன். இந்த ஞாயிறு நம் வீட்டில். நொண்டி ஆட்டைக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

இனி எழுதப்போவதை நான் நூல் அளவு கூடக் கூட்டிச் சொல்லவில்லை. உன் அப்பாவின் கோடாரி மேல் ஆணை.

அவர்கள் உள்ளே வழுக்கிக்கொண்டிருந்தபோது உன் அம்மா வாசலில் குனிந்திருந்தாள். வரிசையாகக் கிடந்த பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றை எடுத்தாள், புதிதாகச் சேர்ந்த பொடியனுடையது, அதுவும் வெளிநாட்டுச் சரக்கு, அவன் காலுக்கு இரண்டு அளவு பெரியது. உள்ளே கையை விட்டு, விரலால் குதிகால் இடத்தை அளந்தாள். அந்தப் பையனைக் கூப்பிட்டு, ஏணியில் ஏறும்போது இது கழலுமா என்று கேட்டாள். கழலும் என்றான். எந்த இடத்தில் கழலும் என்று கேட்டாள்.

ராத்திரி முழுக்க ஊசிச் சத்தம் கேட்டது. பாதி பின்னியிருந்ததைப் பிரித்து மறுபடி பின்னியிருக்கிறாள். இன்று மத்தியானம் இரண்டு ஜோடி சாம்பல் காலுறை மேசை மேல் இருந்தது. நான் ஒன்றில் காலை விட்டுப் பார்த்தேன். என் பாதத்தில் பாதி கூட நுழையவில்லை. உன் அளவு.

“ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கச் சொல்லு” என்றாள். “குதிகால்ல தடிமனாப் பின்னியிருக்கேன். பூட்ஸ் கழலாது.”

அப்படியென்றால் நான் வேண்டாம் என்று எழுதுவதா, சரி என்று எழுதுவதா அக்கா என்று கேட்டேன். காலுறையைக் காகிதத்தில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, பார்ரியாவின் மைத்துனன் நாளைப் பஸ்ஸில் தெற்கே போகிறான், அவனிடம் கொடு என்று என் கையில் வைத்தாள். காலுறை இந்தக் கடிதத்தோடு வருகிறது. பதில் எதுவென்று நீயே பார்த்துக்கொள். நான் மூன்றாம் வகுப்புக்காரன்.

ஒன்று மட்டும் நானாக எழுதுகிறேன், அவள் கோழிக்கூட்டுக்குப் போயிருக்கிறாள். இங்கே சங்கு ஊதினால் அவள் இன்னமும் வாசலுக்குப் போகிறாள். வண்டி திரும்பும் சத்தம் கேட்டால் உள்ளே வருகிறாள். உன் ஊர்ச் சங்கு அவளுக்குக் கேட்காது மிரேயா. எப்போது போய் நிற்பது, எப்போது உள்ளே வருவது என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்ததும், முகத்தைக் கழுவுவதற்கு முன்னால், மேட்டுக்குக் கீழே இருக்கும் பார்ரியாவின் கடைக்குப் போன் பண்ணு. எந்த நேரமானாலும் பரவாயில்லை, நான் அவனிடம் பேசிவிட்டேன். ‘வந்துட்டேன்’ என்று ஒரு வார்த்தை போதும். மேட்டில் ஓடிப்போய் அவளிடம் சொல்வது என் பொறுப்பு. ஏறுவதில் எனக்கு ஈடு கிடையாது.

கடவுளும் உன் அப்பாவும் உன் ஏணியின் இரண்டு காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்ளட்டும். முதலில் காலுறை, அப்புறம் பூட்ஸ், அப்புறம்தான் தீ.

உன் பெருமைக்குரிய மாமன்,
எலியோதோரோ