மூன்றாம் நாள் வந்த கோடிப்புடவை

அம்மா,

பீரோவைத் திறந்தால் அந்தக் கோடிப்புடவையின் கஞ்சி வாசனை இன்னும் முகத்தில் அடிக்கிறது. பச்சைப் புடவை, அரக்குக் கரை. உன் அண்ணன் எடுத்தது. செத்தவளுக்கு வந்த துணியை வீட்டில் வைக்காதே என்று அப்பா சொல்லிப் பார்த்துவிட்டார். எனக்குத்தான் மனம் வரவில்லை.

நீ அஞ்செட்டிக்கு அப்பால், காட்டோரக் கன்னட ஊரில் பிறந்தவள். அப்பா பிழைப்புத் தேடி மதுரைப் பக்கமிருந்து ஓசூருக்கு வந்தவர். வீட்டில் தமிழ்தான். மாமாவிடம் போனில் பேசும்போது மட்டும் உன் குரல் மாறிவிடும். வேகமும் சிரிப்புமாக வேறு யாரோ பேசுவதுபோல் இருக்கும். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாதே என்று பொறாமைப்படுவேன். கற்றுக்கொடு என்றால், "உனக்கெதுக்குடி அந்தக் காட்டுப் பேச்சு" என்பாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நீ கற்றுத்தரவில்லை என்றதும், கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெங்களூர் சூப்பர்வைசர் அம்மாவிடம் கற்றேன். ஒருநாள் உன் எதிரில் நின்று ஒப்பித்தேன். கண்ணில் நீர்வரச் சிரித்தாய்.

"ஆபீசர் மாதிரி பேசறியே! எங்கூர்ல இப்படிப் பேசினா, பாரஸ்ட்காரன் வந்துட்டான்னு மாட்ட ஓட்டிக்கிட்டு ஓடிருவாங்க."

உண்மைதான். மாமாவின் மாடுகள் எல்லை தாண்டிக் கர்நாடகக் காட்டில் மேயும். பிடிபட்டால் வழக்கு.

வேறொன்றும் சொல்வாய். "எனக்கு நகை வேணாம். கடைசியில அண்ணன் கோடி போட்டாப் போதும். எனக்கும் ஒரு ஊரு இருந்துச்சுன்னு நாலு பேருக்குத் தெரியணும்."

மாரடைப்பில் நீ போன காலையில் மாமா ஊர்க் கடைக்கு நான்தான் போன் செய்தேன். தமிழில் சொன்னாலே மாமாவுக்குப் புரிந்திருக்கும். உன் சாவை உன் மொழியில்தான் சொல்லவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. மாமா வந்து எடுத்தார். அவர் பெயரைச் சொல்லி, நீங்கள்தானா, உடனே ஓசூர் வரவேண்டும் என்று பஸ்ஸில் கற்ற கன்னடத்தில் மரியாதையாகத் தொடங்கினேன்.

"அவன் ஊர்ல இல்ல" என்று அவரே போனை வைத்துவிட்டார். அதன்பின் எத்தனை முறை அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

"பொறந்த வீட்டுக் கோடி வரலையா?" என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். வெயில் சாயும்வரை காத்திருந்தோம். பிறகு அப்பா கடையிலிருந்து வாங்கிவந்த புடவையைப் போர்த்தி உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எப்படியோ சேதி தெரிந்து, மூன்றாம் நாள் மாமா இந்தப் புடவையோடு வந்தார். "நீயா கண்ணு பேசினே? அந்த வாரந்தான் ரெண்டு மாட்டப் பிடிச்சிட்டாங்க. பாரஸ்ட்காரங்கன்னு நெனச்சுட்டேனே" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அவரைத் தூக்கிவிடக்கூட இல்லை.

அதன்பின் விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் அஞ்செட்டி பஸ் ஏறினேன். மாட்டுக்கொட்டகையில் உட்காரவைத்து மாமா உன் பேச்சைக் கற்றுக்கொடுத்தார். நான் முதலில் கேட்டது, அன்று என்ன சொல்லியிருக்கவேண்டும் என்பதைத்தான். சொன்னார்: "அவ்வ ஓக்புட்ளு மாவா, பேக பா." அம்மா போயிட்டா மாமா, சீக்கிரம் வா.

இப்போது அதை உன் ஊர்க்காரி போலவே சொல்ல வருகிறது, அம்மா. கேட்டால் மாமா உடனே புறப்பட்டுவிடுவார்.