நாற்பது கம்ப்யூட்டருக்கும் ஒரே பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா?

இங்கே நாற்பது புதுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஏற்றினேன். ஒவ்வொன்றும் தன் சீரியல் நம்பரையே பெயராக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தேன். ஆனால் மேனேஜர் மலிவாக வாங்கிய இவற்றில் நம்பரே பதிந்திருக்கவில்லை. நாற்பதுக்கும் ஒரே பெயர்! நெட்வொர்க் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்றதைத் துரத்திவிட்டது.

"பேரு வைக்கக்கூடத் தெரியாதாப்பா?" என்றார் மேனேஜர்.

"நீங்க வாங்கின லட்சணம் சார்" என்றேன்.

ஒவ்வொன்றிலும் வேறாக இருக்கும் நெட்வொர்க் கார்டின் எண்ணைப் பெயராக்கிச் சரிசெய்தேன். சரிசெய்ததுதான் தப்பாகிவிட்டது.

"கெட்டிக்காரன்! அடுத்த பிராஞ்சுக்கும் நீதான். லீவெல்லாம் அப்புறம்" என்றுவிட்டார்.

அக்கா கல்யாணத்துக்கு வர முடியாதம்மா. அவளிடம் பக்குவமாகச் சொல். அன்றைக்கு வீடியோ காலில் வருகிறேன். போனைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விடாதே, யாராவது கையில் பிடித்திருக்கட்டும். போன விசேஷத்தில் முழுநேரமும் ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் கத்துகிறார், முடிக்கிறேன்.

உன் மகன்