கை தட்டக் காத்திருந்த வரி

என்றும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காத என் மச்சானுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு வந்த முதல் தேர்தல் இது. ஜமுனாமரத்தூர் சந்தைத் திடலில் உன் கட்சியின் தேர்தல் அறிக்கை விளக்கக் கூட்டம். முன்வரிசையில் உன் இடத்தை யாரும் தொடவில்லை. அதற்கு அடுத்து நானும் உன் தங்கச்சி லட்சுமியும் உட்கார்ந்தோம். நான் கட்சிக்காரன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்குக் கூட்டம் தொடங்கும் முன்பே போய்விட்டேன்.

எல்லாம் நம்ம சின்னவள் தேவியை நினைத்துத்தான். ஆறாவது படிக்கிறாள். காப்பிப் பழம் பறிக்க நாங்கள் கர்நாடகத் தோட்டத்துக்குப் போகும்போது அவளும் கூடவே வருகிறாள். திரும்பி வருவதற்குள் பாதிப் பாடம் போய்விடுகிறது. பெரியவள் அப்படித்தான் படிப்பை விட்டாள். அதனால்தானே நீ ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்டாய்? இருக்கிற விடுதியில் இடம் போதவில்லை, பறிப்புக் காலத்துக்கென்று தனியாக ஒன்று வேண்டும், அதை அறிக்கையில் போடுங்கள் என்று.

எட்டு மணி நேர வேலை, போனஸ், ஆலைத் தொழிலாளிக்குப் பென்ஷன் என்று கீழேயிருந்து வந்தவர்கள் வாசிப்பார்கள். மலையில் ஆலை ஏது? நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். கேட்டால், "நம்ம வரி எங்க மாமா? அது வரட்டும், தட்றேன்" என்பாய். உன்னைப் பார்த்துப் பார்த்து ஊருக்கே அது தொற்றிக்கொண்டது. ஜவ்வாது மலையில் கைதட்டல் வாங்க முடியாது என்று பேச்சாளர்கள் அலுத்துக்கொள்வார்களாம்.

இந்த முறை பெரிய கட்சியோடு கூட்டணி, எல்லோருக்கும் சேர்த்து ஒரே அறிக்கை. நம் வரியை வெட்டியிருப்பார்கள் என்றே நினைத்தேன். ஆலங்காயத்திலிருந்து வந்த அம்மா ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு கை அசையவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

"வெளிமாநிலத் தோட்ட வேலைக்குப் போகும் மலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பருவகால விடுதி."

லட்சுமிதான் முதலில் தட்டினாள். "அண்ணே, கேட்டியா?" என்று உன் நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் திடலே தட்டியது. தலைவர் யாராவது வந்துவிட்டாரோ என்று அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன், தட்டவே மறந்துவிட்டேன்.

கூத்து அதோடு முடியவில்லை. மறுநாள் டீக்கடை வெங்கடேசன் என்னைக் கூப்பிட்டான். அவன் எதிர்க்கூட்டணி ஆள். செல்போனை நீட்டி, "இன்னா, உங்க ஆளுங்க மட்டுந்தான் போடுவாங்களா? எங்க அறிக்கையிலயும் வந்துட்சி பாரு" என்றான். அதே விடுதி, அதே பறிப்புக் காலம்.

"எங்க அண்ணன் கேட்டத அப்படியே திருடிட்டாங்க" என்று லட்சுமிக்குக் கோபம். நீ இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பாயா, சிரித்திருப்பாயா? எனக்கு நிம்மதியாக இருந்தது, மச்சான். இனி யார் ஜெயித்தாலும், நீங்கள் சொன்னதுதானே என்று கேட்கலாம்.

தேவி மட்டும் ஒன்று கேட்டாள். "எழுதிட்டாங்க சரி. எப்பப்பா கட்டுவாங்க?"

அப்படியே உன்னைப் போலவே கேட்கிறாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். ஜெயித்தவர்கள் யாராக இருந்தாலும் நன்றி சொல்ல மலைக்கு வருவார்கள். அன்றைக்கு உன் நாற்காலி காலியாக இருக்காது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தேவி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த விடுதிக்குள் போகும் அன்று, உனக்கும் சேர்த்துத் தட்டுகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் கை தட்டாத,
உன் தங்கச்சி புருஷன்