உள்ளே மடித்த துணி

கேப் கோஸ்ட்

அன்பு மகளே,

தேவாலய ஆண்டுவிழாவுக்கு எல்லாரும் ஒரேமாதிரி எடுத்த துணியில் அப்பாவுக்கு நானே சட்டை தைத்தேன். முதலில் இரண்டு கைகளையும் இடப்பக்கத்துக்கே வெட்டிவிட்டேன். "ரெண்டும் இடது கைன்னா, காணிக்கைய எந்தக் கையால போடுவேன்?" என்று சிரித்தார். இருமல் வந்து சிரிப்பு நின்றது.

ஒன்றை மாற்றி வெட்டித் தைத்துப் போட்டுப் பார்த்தால், சட்டை தொளதொளவென்று தொங்கியது. பக்கத்து வீட்டு அராபா, "அளவெடுக்காமலா வெட்டினீங்கக்கா?" என்றாள். ஈஸ்டர் சமயத்தில் அவர் உடம்பில் வைத்தே எடுத்த அளவு, மகளே. அவர் கேட்டுக்கொண்டிருந்ததால், "ஆமா, தப்பா எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

பிறகு இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். "மிச்சத்த வெட்டிருங்கக்கா, உறுத்தும்" என்றாள். வெட்ட மனம் வரவில்லை. உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். உடம்பு தேறினால் பிரித்துவிடலாம்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாய். அதற்கு முன்பே வந்துவிடு.

உன் அம்மா