ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வரும் வைஃபை

ஆகஸ்ட் 8, சனி

கச்சான் காற்று. வீதியெல்லாம் புழுதி. என் ஹார்ட்வெயார் கடைக்குப் பிவிசி குழாய் வந்தது, பாதி அளவு பிழை. திருப்பி அனுப்ப வேண்டும்.

என் மனைவி நஸ்ரினாவின் ஆய்வேடு வியாழன் மாலைக்குள் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போயாக வேண்டும். ஏற்கெனவே தவணை வாங்கியாயிற்று. இனி இல்லை என்று அவளுடைய மேற்பார்வையாளர் சேர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஒலுவில் கரையைக் கடல் அரிப்பது பற்றிய ஆய்வு. விடுமுறை நாளெல்லாம் அளவு நாடாவும் குடையுமாக அந்த மணலில் நடந்தவள். எந்தத் தென்னை எந்த வருடம் விழுந்தது என்று கேட்டால் சொல்வாள். எனக்கு என் வீட்டுச் சாவி எங்கே கிடக்கிறது என்றே தெரியாது.

போனை அவளுடைய அக்கா, பெரிய மச்சியிடம் கொடுத்துவிட்டாள், முடியும்வரை தர வேண்டாம் என்று. ஆனால் லெப்டொப் இருக்கிறதே. அதிலும் குடும்ப குரூப், வீடியோ கோல். யார் கூப்பிட்டாலும் எடுப்பாள். எடுக்காமல் விட அவளுக்குத் தெரியாது. அவளிடம் இருக்கும் ஒரே குறை அதுதான், எல்லோருக்கும் அவளைப் பிடிப்பதும் அதனால்தான்.

அதன் வைஃபையை நிறுத்துவது என் பொறுப்பு என்றேன். “ஓம், பாருங்க” என்றாள். ஒரு சிரிப்பு வேறு.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

காலை சுபஹு தொழுகைக்குப் பிறகு வைஃபையை அணைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். மதியம் லுஹருக்கு வந்தால் லெப்டொப்பில் நஸ்ரினாவின் தங்கை, சின்ன மச்சியின் முகம், கையில் துணி.

“ராத்தா, இந்தக் கலர் நல்லமா, மற்றதா?”

“மற்றத எடு புள்ள. கழுத்தச் சின்னதா வை.”

பதில் சொன்னது நஸ்ரினா. வைஃபையை அவள் போடவே இல்லையாம். தானாக வந்ததாம்.

ரௌட்டரையே பிடுங்கலாம். ஆனால் மாமா மூன்று மகள்மாருக்கும் ஒரே வளவில் வீடு கட்டிக் கொடுத்தவர், ரௌட்டர் இருப்பது பெரிய மச்சியின் ஹோலில். மச்சியின் கணவர் கத்தாரில் இருந்து பிள்ளைகளோடு கதைப்பது அதில்தான். அதில் கை வைக்க முடியாது. எனவே அந்த லைனில் லெப்டொப் தானாகச் சேராதபடி டிக்கை எடுத்துவிட்டேன். நிம்மதி.

பின்னேரம் அசருக்குப் பிறகு பார்த்தால் சின்ன மச்சி வீட்டு லைனில் ஏறி இருக்கிறது. அந்த லைனின் கடவுச்சொல்லும் லெப்டொப்புக்குத் தெரியும். இந்த வளவில் யார் சட்டியில் என்ன வேகிறது என்பதே எல்லோருக்கும் தெரியும், லெப்டொப்பைக் குறை சொல்லி என்ன? லைன் லைனாகத் துரத்திப் பயனில்லை. ஏன் தானாக எழும்புகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, திங்கள்

பிடித்துவிட்டேன்! வைஃபை சுவிட்சுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. அணைத்தால்தான் கண்ணில் படும். திரும்ப எப்போது போட வேண்டும் என்று கேட்கிறது: கையால், ஒரு மணித்தியாலத்தில், நாலு மணித்தியாலத்தில், ஒரு நாளில். எங்களுடையது ஒரு மணித்தியாலத்தில் நின்றது. ‘கையால்’ என்று மாற்றினேன்.

பெருமை தாங்காமல் மதிலுக்கு மேலால் சின்ன மச்சியிடம் சொன்னேன்.

“அப்ப அத ஜின் போடல்லயா மச்சான்?” என்றாள்.

கடைக்கு மண்ணெண்ணெய், சல்லடைக் கம்பி சொல்லி அனுப்ப மறந்துபோனேன்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

மாலையில் பார்த்தால் மீண்டும் ஒரு மணித்தியாலம். ஜின்தான் போலிருக்கிறது.

“இத ஆரு மாத்தின?”

“நான்தான்.” நஸ்ரினா. தலை நிமிரவில்லை. “முந்தியும் நான்தான் வெச்ச.”

“என்னத்துக்கு?”

லெப்டொப்பை என் பக்கம் திருப்பினாள். மேலிருந்து கீழ்வரை என் வொய்ஸ் மெசேஜ்கள். எல்லாம் கடையில் இருந்து அனுப்பியவை. ஒன்றைப் போட்டுக் காட்டினாள்: “சாப்பிட்டயா புள்ள? இஞ்ச ஒருத்தர் கதவுக்குப் பூட்டு வாங்கிட்டுப் போறாரு, கதவு இன்னும் செய்யல்லயாம்.” அடுத்தது வெயில் பற்றி. இன்னொன்றில் பேச்சே இல்லை, நான் தேத்தண்ணி குடிக்கும் சத்தம் மட்டும்.

“ஒரு மணித்தியாலம் எழுதினா உங்கட கதையக் கேக்கலாம் எண்டு வெச்சன். அத நினைச்சித்தான் எழுதிற. ஆனா அது வந்தா மத்த எல்லாரும் கூடவே வந்திர்றாங்க.”

தொல்லை கொடுப்பவர்களில் முதல் ஆள் நான். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோசமாக இருந்தது, எழுதவே கூச்சம்.

கடைசி அத்தியாயம் அப்படியே கிடக்கிறதாம். முகம் வாடியிருந்தது.

“அப்ப கையால எண்டு போடு. முடியிற வரைக்கும் நான் ஒண்டும் அனுப்பல்ல.”

லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு அவளே மாற்றினாள்.

ஆகஸ்ட் 12, புதன்

அனுப்பவில்லை. போனை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். திறந்தேன். பூட்டினேன்.

பூட்டுக்காரர் திரும்ப வந்தார். கதவு செய்தாயிற்று, ஆனால்... யாரிடம் சொல்வது?

வீட்டில் நஸ்ரினா. ஒரு கை லெப்டொப்பில், சோற்றுக் கை காய்ந்து போயிருக்கிறது. சாப்பிட உட்கார்ந்ததை மறந்துவிட்டாள். ஒரு பில் எழுதுவதற்குள் நான் எத்தனை தரம் எழும்புகிறேன்! இப்படி ஒருத்தி என்னோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறாள். மாஷா அல்லாஹ்.

மதிலுக்கு அப்பால் பெரிய மச்சி: “என்ன, உங்கட வீட்ட ஆக்கள் இல்லயா? சத்தமே இல்ல.”

“எழுதிறா மச்சி.”

“அல்லாஹ் லேசாக்கட்டும்.” கோழிக்கறி ஒரு கோப்பை மதிலால் வந்தது.

ஆகஸ்ட் 13, வியாழன்

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம். லுஹர் போய்விட்டது, ஒரு தகவலும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா? போனால் அதுவும் தொல்லை. வெள்ளைப் பெயின்ட் கேட்டவருக்குப் பச்சையைக் கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அசர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் லாச்சிக்குள் சத்தம். நஸ்ரினாவின் வொய்ஸ். வைஃபையை அவளே கையால் போட்டிருக்கிறாள்.

“அனுப்பிட்டன். அல்ஹம்துலில்லாஹ். கிடைச்சிட்டு எண்டு சேரும் எழுதிட்டார். இன்னும் வேற ஆரோடயும் கதைக்கல்ல. முதல்ல சொல்லுங்க, அந்தப் பூட்டுக்காரருக்கு என்ன நடந்த?”

கடையைச் சாத்திவிட்டேன். இதை நேரில்தான் சொல்ல வேண்டும்.