அப்பாவுக்கு ஒரு வரி எழுது

கள்ளக்குறிச்சி
24.11.1987

அன்பு மகன் தீனதயாளனுக்கு அம்மா ராஜாம்பாள் சொல்லச் சொல்லத் தங்கை பாப்பாத்தி எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம், மனசைப் பற்றிக் கீழே வருகிறது. பம்பாயில் உனக்கு இரண்டும் சுகமாக இருக்க மாரியாத்தாள் துணை. மழை கம்மி, ஏரி பாதிதான், இருந்தாலும் அப்பா நடவை முடித்துவிட்டார். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. (கன்றுக்கு உன் பெயரை வைத்திருக்கிறேன், கூப்பிட்டால் உன்னைப் போலவே திரும்பிப் பார்ப்பதில்லை. அடைப்புக்குறிக்குள் வந்தால் அது நான், பாப்பாத்தி.)

உன் தம்பி கண்ணாயிரம் வீட்டில் இல்லை, கரியாலூர் மலையில் இருக்கிறான், பயப்படாதே. பி.ஏ. முடித்து நாலு வருஷமாக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியும். (பி.ஏ. என்றால் பிழைப்பு ஏது என்று விரித்தது நான். முதலில் அவனும் சிரித்தான்.) கொஞ்ச நாளாக எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டான், எல்லாரும் கை கழுவின பிறகு வருவான், இன்னொரு கரண்டி போடப் போனால் தட்டைக் கையால் மறைப்பான். கல்யாணத்தில் தாம்பூலம் கொடுக்கிறவர்களே "இன்னா தம்பி, ஆர்டர் எதனா வந்துதா?" என்று கேட்பதால் எந்த விசேஷத்துக்கும் வரமாட்டான். துணிக்கடை காஜா மைதீன் பாயிடம் சொல்லி அழுதேன். அவர் மகன் நவுஷாத்தும் சவுதியில் வேலை போய் வந்து கடையில் உட்கார்ந்திருக்கிறான். "எம்புள்ளைய எப்ப திரும்பிப் போறன்னு கேக்கறாங்கம்மா, அதுக்குப் பயந்துகினு தொழுகைக்குக் கடைசியா போயி மொதல்ல வந்துடறான்" என்றார். கடை இருக்கிறவர்கள் வீட்டிலும் இதே கதைதான் போலிருக்கிறது.

செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் கண்ணாயிரமும் ரோட்டுக்குப் போனான். அவன் திரும்புகிற வரைக்கும் நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த ஒரு வாரம்தான் என் பிள்ளை என் பிள்ளையாக இருந்தான், பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டான், குறட்டை விட்டுத் தூங்கினான். ரோட்டில் எல்லாரும்தான் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், யாரை யார் கேட்பது? கடுக்காய் விற்க மலையிலிருந்து இறங்கி வந்து பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்ட பாவாடை என்பவரை நம் வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போடச் சொன்னதும் அப்போதுதான். மறியல் முடிந்து பஸ் ஓடியது, அவர் போனார், இவன் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பிறகு சாமை அறுப்புக்கு வரச்சொல்லிப் பாவாடை ஆள் அனுப்பினார், அன்றே கிளம்பிவிட்டான். அப்பாவுக்கு அவமானம். "பி.ஏ. படிச்சிட்டு சாமை அறுக்கறானா? வந்தா ஆர்டரோட வரட்டும், இல்லன்னா அங்கயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை. (நடுவில் நான்தான் தபால்காரி, ஸ்டாம்பு கிடையாது.)

போன வாரம் அவனை அழைத்துவர மலைக்குப் போனேன். பாவாடை வீட்டு வாசலில் அறுப்பு ஆட்கள் வட்டமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் பிள்ளை, கறுத்துப் போயிருந்தான், இன்னும் கொஞ்சம் போடுங்க என்று தட்டைத் தானே நீட்டினான். இவனுக்கு வேலை இல்லையா என்று இங்கே யாரும் கேட்பதில்லையா என்று பாவாடையைக் கேட்டேன். "அறுப்பு முடிஞ்சா எங்களுக்கும்தான் வேலை கெடையாதும்மா. அப்ப மொத்த ஊரும் சும்மாதான் கெடக்கும், கஞ்சிக்குக்கூட ததிங்கிணத்தோம்தான். இதுல ஒருத்தன மட்டும் இன்னாத்துக்குக் கேக்கறது?" என்றார். வா என்று கூப்பிடப் போனவள் கூப்பிடவில்லை. நான் பஸ் ஏறும்போது "அப்பா எதனா சொன்னாராம்மா?" என்றான். "ஒடம்பப் பாத்துக்கச் சொன்னாரு" என்று பொய் சொன்னேன். அவன் நம்பவில்லை. இறங்குகிற வரைக்கும் பக்கத்து சீட்டில் யாருமில்லை, நல்லதாகப் போயிற்று, யாரும் பார்க்காமல் அழுதுகொண்டே வந்தேன்.

அறுப்பு சீக்கிரம் முடிந்துவிடும், அப்புறம் அவன் எங்கே போவான்? அப்பா உன் பேச்சைத்தான் கேட்பார். மில் மூடி உனக்கும் வேலை போய்விட்டது, விடிகாலையில் இட்லி விற்கிறேன் என்று போன பொங்கலுக்கு வந்தபோது என்னிடம் மட்டும் சொன்னாயே, (இதை எழுதும்போதுதான் எனக்குத் தெரிகிறது, அண்ணா. ஜோக் எதுவும் வரவில்லை.) அதை நீயே அப்பாவுக்கு எழுது. உன் தெருவில் எல்லாருக்குமே வேலை போனதால் யாருக்கும் வெட்கமில்லை, சாயங்காலம் கூடி கேரம் ஆடுகிறோம் என்றாய், அதையும் எழுது. உன்னை இன்னும் மில் மேஸ்திரி என்றுதான் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எழுதினால் அந்தப் பெருமை போய்விடும், உனக்கும் கஷ்டம்தான், தெரிந்துதான் கேட்கிறேன். உன்னைக் காட்டித்தான் உன் தம்பியை அடிக்கிறார், அந்தக் கம்பை நீதான் பிடுங்க வேண்டும்.

சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, விற்று மிஞ்சின இட்லியோடு நிறுத்திக்கொள்ளாமல் சோறு வடித்துச் சாப்பிடு. தீர்க்காயுசாக, நல்லபடியாக இரு ராசா. கடிதத்தை அப்பா பெயருக்கே போடு. அது வருகிற அன்று நானும் பாப்பாத்தியும் கழனிக்குப் போய்விடுகிறோம், அவர் தனியாக இருந்து படிக்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா ராஜாம்பாள்
(ரேகை அம்மாவுடையது, மை என்னுடையது.)